108-ல் ஏறும் நம் பிள்ளைகள் எத்தனை வருடம் இருப்பார்கள்?

அதிகாலை நான்கு மணிக்குக் கம்பம் பள்ளத்தாக்கில் இரண்டு கூட்டம் விழித்திருக்கும். ஒன்று, தூக்குவாளியில் சோற்றை அடைத்துக்கொண்டு ஏலத்தோட்ட ஜீப்புக்காக ரோட்டோரம் நிற்கும் பெண்கள். கூடலூர், கம்பம், கோம்பை, தேவாரம், போடி என ஊருக்கு ஊர் காலனித் தெருக்களில் இருந்து வருகிறவர்கள் இதில் நிறைய. ஜீப்பு குமுளி வழியாகவோ, கம்பம்மெட்டு வழியாகவோ, போடிமெட்டு வழியாகவோ இடுக்கி மலை ஏறும். இன்னொரு கூட்டம், 108 வண்டியில் இரவுப் பணி பார்ப்பவர்கள். ஓட்டுநர் ஒருவர், மருத்துவ உதவியாளர் ஒருவர். பணி முடிய இன்னும் சில மணி நேரம் இருக்கும். கண் எரியும். எந்த நிமிடமும் அழைப்பு வரும்.

இந்த இரண்டு கூட்டமும் ஒரே தெருவில் இருந்து கிளம்பியதாக இருப்பது இப்போது அதிசயம் இல்லை. அம்மா ஜீப்பில், மகளோ மகனோ ஆம்புலன்சில்.

தமிழ்நாட்டில் 108 சேவை தொடங்கியது 2008 செப்டம்பர் 15-ல். அன்று 25 வயதில் ஏறியவருக்கு இன்று நாற்பது தாண்டிவிட்டது. அதற்குப் பிறகு வந்த செட்டுகளில் நம் தெருப் பிள்ளைகள் பலர் சேர்ந்தார்கள். நர்சிங் முடித்தவர்கள், டி.எம்.எல்.டி. படித்தவர்கள், விலங்கியல் தாவரவியல் பட்டம் வாங்கிவிட்டு என்ன செய்வது என்று தெரியாமல் இருந்தவர்கள், பத்தாம் வகுப்போடு ஓட்டுநர் உரிமம் எடுத்தவர்கள். எப்படிச் சேர்வது என்று எழுதப் பல பேர் இருக்கிறார்கள். சேர்ந்தவர்கள் எப்படி நிலைப்பது என்று எழுத ஆள் இல்லை. ஆள்சேர்ப்பு விளம்பரத்தைப் பாருங்கள். எத்தனை வயதுக்குள் சேரலாம் என்று இருக்கும். ஐம்பது வயதில் நீங்கள் யாராக இருப்பீர்கள் என்று இருக்காது. இந்த வாரம் அதைப் பேசலாம் என்று நினைத்தோம்.

நம் பக்கத்து வீட்டுப் பையன் ஒருவன் இருபத்திரண்டு வயதில் மருத்துவ உதவியாளராகச் சேர்ந்தான். வெளி மாவட்டத்தில் பணி. ஐந்து வருடம் பார்த்துவிட்டு விட்டுவிட்டான். இப்போது சின்னமனூர் பக்கம் வாழைத்தார் ஏற்றும் வண்டி ஓட்டுகிறான். ஏன் விட்டாய் என்று கேட்டபோது சம்பளத்தைச் சொல்வான் என்றுதான் எதிர்பார்த்தோம். தூக்கம் வரவில்லை என்றான். வேலை நேரத்தில் தூக்கம் வந்தது, வீட்டில் வரவில்லை, வந்தாலும் சைரன் கேட்டது என்றான். அவ்வளவுதான் சொன்னான். அதற்கு மேல் கேட்க நமக்கும் வாய் வரவில்லை.

அவன் பலவீனமானவன் இல்லை. பாறைக்குழியில் கல் உடைத்த அப்பனுக்குப் பிறந்தவன். ஆகவே மன உறுதி என்று மட்டும் சொல்லி இந்த விஷயத்தைத் தள்ளிவிட முடியாது.

இந்தப் பள்ளத்தாக்கில் அந்த வேலை எப்படிப்பட்டது என்று முதலில் பார்ப்போம். கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், போடி ஆகிய ஊர்களில் அரசு மருத்துவமனை இருக்கிறது. பெரியகுளத்தில் மாவட்டத் தலைமை மருத்துவமனை. தலைக்காயம், பெரிய எலும்பு முறிவு, மூச்சு நின்று போகிற விஷக்கேஸ் என்றால் பெரும்பாலும் க.விலக்குக்கு அனுப்புவார்கள். தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அங்கேதான் இருக்கிறது. கம்பத்தில் இருந்து க.விலக்கு ஐம்பது கிலோமீட்டர் அளவில் வரும். லோயர்கேம்ப்பில் இருந்து என்றால் அறுபதைத் தாண்டும். இந்தத் தூரம் முழுக்க வண்டியின் பின்பக்கம் நோயாளியோடு இருப்பது ஒரே ஆள். போனில் சென்னைக் கட்டுப்பாட்டு மையத்து மருத்துவரிடம் கேட்கலாம். ஆனால் கை வைக்க வேண்டியது அவர்தான். அந்த ஒரு மணி நேரத்துக்கு அந்த உசுருக்கு எல்லாமே அவர்தான்.

வருகிற கேஸ்களும் நம் ஊர் வேலைகளில் இருந்து வருபவைதான். வாழைத்தோப்பில் கண்ணாடிவிரியன் கடித்த கால். திராட்சைக் கொடிக்கு மருந்தடித்துவிட்டு மயங்கி விழுந்த ஆள். கடன்காரன் வந்து போன மறுநாள் அரளி விதையை அரைத்துக் குடித்த பெண். தோட்டத்தில் இருந்து இறங்கும்போது கவிழ்ந்த ஜீப்பு. பெரியகுளத்துக்கு மேலே சின்னூர், பெரியூர் மலைக்கிராமங்களில் இருந்து டோலி கட்டி, கல்லாற்றைக் கடந்து தூக்கி வந்த பிரசவக் கேஸ்.

இதற்கு மேல், மறக்க முடியாத நாட்கள் சில இருக்கின்றன. 2018 மார்ச் 11-ல் போடி குரங்கணி மலையில் காட்டுத்தீயில் மலையேற்றக் குழுவினர் சிக்கினார்கள். மலைக்கு முதலில் ஓடியது அங்கிருந்த ஊர் மக்கள்தான். போர்வையிலும் வேட்டியிலும் கட்டித் தூக்கி வந்தார்கள். அடிவாரத்தில் ஆம்புலன்ஸ்கள் காத்து நின்றன. அடுத்தடுத்த வாரங்களில் இறந்தவர்களையும் சேர்த்தால் இருபதுக்கு மேல். 2022 டிசம்பர் 23 இரவு சபரிமலையில் இருந்து ஆண்டிபட்டிக்குத் திரும்பிய ஐயப்ப பக்தர்களின் வேன் குமுளி மலைப்பாதையில் பள்ளத்தில் விழுந்து எட்டுப் பேர் இறந்தார்கள். இறந்தவர்களின் ஊரும் அவர்களைத் தூக்கியவர்களின் ஊரும் ஒரே மாவட்டம். அந்த இரவுகளில் கை வைத்தவர்கள் அடுத்த நாளும் வேலைக்குப் போனார்கள். அவர்களை உட்கார வைத்து, என்னப்பா பார்த்தாய், சொல்லு என்று கேட்டது யார்?

வேலையால் வரும் இந்தச் சோர்வுக்கு உலக சுகாதார நிறுவனம் 2019-ல் ஒரு வரையறை கொடுத்தது. அதன்படி அடையாளங்கள் மூன்று. உடம்பும் மனசும் வற்றிப் போவது. வேலை மேல் ஒரு வெறுப்பு, விலகல் வருவது. நம்மால் ஒன்றும் ஆகவில்லை என்ற நினைப்பு வருவது. முக்கியமாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். இதைத் தனி ஆளின் நோய் என்று அந்த நிறுவனம் வகைப்படுத்தவில்லை. சரியாகக் கையாளப்படாத வேலைச்சூழலின் விளைவு என்றது. ஆக, ஆளைத் திருத்துவதோடு அந்த வேலை நடக்கும் விதத்தையும் பார்க்க வேண்டும்.

அந்தப் பையனைக் கெடுத்த தூக்கத்தில் இருந்தே தொடங்குவோம்.

108-ல் பன்னிரண்டு மணி நேரப் பணி. அதை எட்டு மணி நேரமாக்க வேண்டும் என்று தொழிற்சங்கங்கள் பல வருடமாகக் கேட்டு வருகின்றன. இது சோம்பேறிகளின் கோரிக்கை என்று நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. 17 முதல் 19 மணி நேரம் தூங்காமல் இருப்பவரின் கவனமும் கை வேகமும், ரத்தத்தில் 100 மில்லிக்கு 50 மில்லிகிராம் மது இருப்பவரின் அளவுக்கு, சில சோதனைகளில் அதைவிட மோசமாக, இறங்கிவிடுகிறது என்று 2000-ல் வெளிவந்த ஆய்வு ஒன்று காட்டியது. நம் நாட்டுச் சட்டப்படி 30 மில்லிகிராமைத் தாண்டினாலே வண்டி ஓட்டக் கூடாது. பகலில் தூக்கம் கிடைக்காமல் இரவுப் பணிக்கு வருகிற ஓட்டுநரின் நிலையை இதை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பகலில் ஏன் தூக்கம் கிடைப்பதில்லை? இங்கேதான் நம் தெரு வருகிறது. தொகுப்பு வீடு, ஒரே அறை. சித்திரை வெயிலில் மதியம் கான்கிரீட் கூரை கொதிக்கும். பக்கத்து வீட்டில் காதுகுத்து என்று ஸ்பீக்கர் கட்டியிருப்பார்கள். தண்ணீர் வந்தால் குடம் முட்டும் சத்தம். தனி அறையும் ஜன்னல் திரையும் உள்ள வீட்டில் தூங்கும் டாக்டருக்கும், இந்த அறையில் தூங்கும் உதவியாளருக்கும் ஒரே இரவுப் பணிதான். ஓய்வு ஒன்றில்லை. பெண்ணாக இருந்தால் இன்னும் மோசம். இரவு முழுக்க வார்டில் நின்ற நர்சம்மா காலையில் வீடு வந்ததும் அடுப்பைப் பற்ற வைக்கிறார், பிள்ளையைப் பள்ளிக்குக் கிளப்புகிறார், துணி துவைக்கிறார். மாமியார் நல்லவராக இருந்தால் மதியம் இரண்டு மணி நேரம் படுக்கலாம்.

ஆகவே வீட்டில் இருப்பவர்களிடம் நேரடியாகச் சொல்கிறோம். உங்கள் வீட்டில் ஒருவர் இந்த வேலை பார்த்தால் அவருடைய பகல் தூக்கத்தைப் பச்சப்பிள்ளைத் தூக்கம் போலக் காவல் காக்க வேண்டும். ஜன்னலில் சாக்கை நனைத்துத் தொங்கவிடுங்கள். இருட்டாகும், குளிரும். விசேஷத்துக்கு வரவில்லை என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். தெருவில் நாலு பேர் இரவுப் பணி பார்த்தால், அந்த நேரத்தில் ஸ்பீக்கர் வேண்டாம் என்று ஊர்க்கூட்டத்தில் பேசி முடிவு எடுக்கலாம். எதற்கெல்லாமோ ஊர்க்கூட்டம் போடுகிறோம்.

தூக்கத்துக்கு அடுத்தது சாவு. வண்டியிலேயே ஒரு குழந்தையின் உயிர் போகிறது. ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டு, வண்டியைக் கழுவி, ஆக்சிஜன் சரிபார்த்து, அடுத்த அழைப்புக்கு ஓட வேண்டும். நம் ஆட்கள் சாவைப் பார்க்காதவர்கள் இல்லை. ஊராரின் சாவுச் சேதியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக நடந்தவர்கள் நம் தாத்தாக்கள். குழி வெட்டவும் பறை அடிக்கவும் நம்மைத்தான் வைத்தார்கள். அந்த வேலையை நம் தலையில் கட்டியது சாதி. ஆனால் நம் வீட்டுச் சாவை நாம் எப்படி நடத்தினோம் என்பது வேறு. மூன்று நாள் உட்கார்ந்து அழுதோம், ஒப்பாரியில் எல்லாவற்றையும் சொல்லித் தீர்த்தோம், பதினாறாம் நாள் எழுந்தோம். வாய்விட்டுச் சொன்னால் பாரம் இறங்கும் என்பது நம் கிழவிகளுக்குத் தெரியும். வெளிநாடுகளில் பல அவசர சிகிச்சைப் பிரிவுகளில் மோசமான கேஸ் முடிந்ததும் குழுவாக ஐந்து நிமிடம் நின்று என்ன நடந்தது, எதைச் சரியாகச் செய்தோம், எங்கே தவறியது என்று பேசுகிறார்கள். நம் கிழவிகளுக்குத் தெரிந்ததன் சின்ன வடிவம்தான் அது. இதற்குப் பணம் செலவு கிடையாது, அரசாணை வேண்டாம். ஓட்டுநரும் உதவியாளரும் டீக்கடையில் நின்றே செய்யலாம். தூக்கம் வராமல் வாரக்கணக்கில் போனால், அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் சீட்டு போட்டுக் காட்டுவதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. சாராயக் கடையை விட அது மேல். தூக்கத்துக்காகக் குடிக்கத் தொடங்கி வேலையும் குடும்பமும் இழந்தவர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

இதையெல்லாம் சரி செய்தாலும் ஒரு விஷயம் மிச்சம் இருக்கிறது. அது ஏணி. மேலே ஏற வழி இல்லாத வேலையில் யாரும் முப்பது வருடம் நிற்க மாட்டார்கள். இதைப் புரிந்துகொள்ள அமெரிக்காவில் நடந்த ஒரு கதை நமக்கு உதவும். 1972-ல் பம்பாயில் தலித் பேந்தர்ஸ் இயக்கம் தொடங்கியவர்கள் கறுப்பர்களின் பிளாக் பேந்தர் கட்சியைப் பார்த்துத்தான் பெயர் வைத்தார்கள். அந்தக் கறுப்பர்களின் கதைதான் இதுவும்.

பிட்ஸ்பர்க் நகரில் ஹில் டிஸ்ட்ரிக்ட் என்பது கறுப்பர்கள் வாழ்ந்த ஏழைப் பகுதி. அறுபதுகளில் அங்கே ஒருவர் மயங்கி விழுந்தால் வருவது போலீஸ் வேன்தான். பின்னால் தூக்கிப் போட்டுக்கொண்டு போவார்கள். வழியில் பார்க்க ஆள் இல்லை. கறுப்பர் தெரு என்றால் வேன் வருவதே தாமதம். 1967-ல் அந்தப் பகுதி மக்களின் ஃப்ரீடம் ஹவுஸ் என்ற அமைப்பு ஆம்புலன்ஸ் சேவையைத் தொடங்கியது. பயிற்சியை வடிவமைத்தவர் டாக்டர் பீட்டர் சஃபார். வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுக்கும் முறையை உலகத்துக்கு நிரூபித்துக் காட்டியவர். பயிற்சிக்கு எடுத்தது யாரை? வேலைக்கே லாயக்கில்லை என்று நகரம் ஒதுக்கிய கறுப்பு இளைஞர்களை. பள்ளிப் படிப்பை முடிக்காதவர்களும் வியட்நாம் போரில் இருந்து திரும்பியவர்களும் அதில் இருந்தார்கள். பல மாதப் பயிற்சிக்குப் பிறகு அவர்கள் தெருவிலேயே செய்த சிகிச்சை அன்று அமெரிக்காவில் பெரும்பாலான ஊர்களில் இல்லாதது. பிறகு மருத்துவ இயக்குநராக வந்த டாக்டர் நான்சி கரோலின் இவர்களோடு வண்டியில் ஏறிப் போய்ப் பார்த்த அனுபவத்தில்தான் ஆம்புலன்ஸ் பணியாளர்களுக்கான பாடத்திட்டத்தை எழுதினார். நாடு முழுக்கப் பயன்பட்டது அது.

பிறகு 1975-ல் நகராட்சி தானே ஆம்புலன்ஸ் சேவை தொடங்கியது. ஃப்ரீடம் ஹவுஸ் மூடப்பட்டது. அதில் இருந்தவர்களைப் புதிய சேவையில் எடுத்துக்கொண்டார்கள். எடுத்துக்கொண்டு, புதுத் தேர்வுகள் வைத்தார்கள், பழைய வழக்குகளைத் தோண்டினார்கள், அனுபவம் உள்ளவர்களுக்கு மருத்துவ வேலை தராமல் ஓரங்கட்டினார்கள். தொழிலையே உருவாக்கியவர்களில் பெரும்பாலோர் அந்தத் தொழிலுக்கு வெளியே போனார்கள்.

ஜான் மூன் என்பவர் போகவில்லை. அவர் முதலில் ஆஸ்பத்திரியில் எடுபிடி வேலை பார்த்தவர். ஒருநாள் தன் நிறத்து ஆட்கள் சீருடையோடு ஸ்ட்ரெச்சர் தள்ளிக்கொண்டு வந்த தோரணையைப் பார்த்துவிட்டு, நானும் அதுவாக வேண்டும் என்று ஃப்ரீடம் ஹவுஸில் சேர்ந்தவர். நகராட்சி சேவையில் அவமானங்களைத் தாண்டி நின்று, படிப்படியாக ஏறி, துணைத் தலைவர் பதவி வரை போய் 2009-ல்தான் ஓய்வு பெற்றார். மேலே போனதும் கறுப்பு இளைஞர்களைத் தேடித் தேடிச் சேர்த்தார். ஒருவர் நின்றதால் பின்னால் வந்தவர்களுக்கு வழி இருந்தது. ஆனால் ஒருவர்தான் நிற்க முடிந்தது என்பதையும் மறக்கக் கூடாது.

நம் கதைக்கு வருவோம். அரசு மருத்துவமனை ஒன்றுக்குள் இரவு பத்து மணிக்குப் போய் அவசர சிகிச்சைப் பிரிவு வாசலில் அரை மணி நேரம் நின்று பாருங்கள். ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர், ரத்தத்தைத் துடைக்கிறவர், பிணவறைக்குக் கொண்டு போகிறவர் என்று நம் சொந்தக்காரர்கள் எத்தனை பேர், உள்ளே மேசையில் உட்கார்ந்து எழுதுகிறவர்களில் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். கீழ்ப்படியில் நமக்கு எப்போதும் இடம் உண்டு, இடஒதுக்கீடு இல்லாமலேயே.

அரசின் நிரந்தரப் பணி என்றால் பட்டியல் சாதியினருக்கு 18 சதவீதம் உண்டு. அதற்குள் அருந்ததியருக்கு 3 சதவீதம் உள்ஒதுக்கீடு 2009-ல் வந்தது. ஆனால் துப்புரவு, காவல், நோயாளியைத் தள்ளும் வேலைகள் பல இடங்களில் தனியார் ஒப்பந்தத்துக்குப் போய்விட்டன. 108-ம் அரசுப் பணத்தில் ஒப்பந்த அடிப்படையில் நடப்பது. அதன் ஊழியர்கள் அரசு ஊழியர்கள் அல்ல. நர்சுகளிலும் 2015-ல் இருந்து தொகுப்பூதியத்தில் எடுக்கப்பட்டவர்கள் நிரந்தரம் கேட்டு 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்ததை டிவியில் பார்த்தோம். எங்கே நிரந்தரம் இருக்கிறதோ அங்கேதான் இடஒதுக்கீடு இருக்கிறது. எங்கே இடஒதுக்கீடு இல்லையோ அங்கே நாம் கூட்டமாக இருக்கிறோம். பணி நிரந்தரக் கோரிக்கையைத் தொழிற்சங்கப் பிரச்சினை என்று மட்டும் பார்க்கும் நம் இயக்கங்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

கூடவே, வண்டிக்குள்ளேயே வரும் சாதி. அடிபட்டுக் கிடக்கிறவரின் உறவினர், ஊசி போடும் கையைப் பார்த்துக்கொண்டே "தம்பிக்கு எந்த ஊரு? ஊருல எந்தத் தெரு?" என்று கேட்பது இந்தப் பக்கம் புதிதல்ல. எதற்குக் கேட்கிறார்கள் என்று கேட்கிறவருக்கும் தெரியும், பதில் சொல்கிறவருக்கும் தெரியும். ஊர்ப் பெயரோடு நிறுத்திக்கொண்டு நாடியைப் பிடிப்பவர்களைப் பார்த்திருக்கிறோம். அந்தக் கேள்வி ஒருநாள் கேட்டால் வலி. பதினைந்து வருடம் கேட்டால் அதுவே ஒரு களைப்பு. எந்த ஆய்விலும் இந்தக் களைப்புக்குத் தனிக் கட்டம் போட்டு நாம் பார்த்ததில்லை.

இத்தனைக்கும் நடுவில் நிலைத்து நிற்கிறவர்கள் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்? மகாராஷ்டிர டாக்டர் ஹிம்மத்ராவ் பாவஸ்கரைப் பாருங்கள். ஏழை விவசாயி மகன், கிடைத்த வேலைகளைச் செய்து படித்தவர். எழுபதுகளில் கொங்கணக் கடற்கரைப் பக்கம் கிராம ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்தபோது செந்தேள் கடித்தவர்கள் அவர் கண்முன் செத்தார்கள். வேறு யாராக இருந்தாலும் மாறுதல் கேட்டுப் போயிருப்பார்கள். இவர் ஒவ்வொரு நோயாளியையும் ராத்திரி முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்துக் குறிப்பு எழுதினார். தேள் விஷத்தால் உடம்பில் சில சுரப்புகள் பெருகி, ரத்தக்குழாய் இறுகி, இதயம் திணறி, நுரையீரலில் நீர் கோக்கிறது என்று கண்டார். ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் பிரசோசின் மாத்திரையைக் கொடுத்துப் பார்த்தார். இறப்பு வெகுவாகக் குறைந்தது. லண்டனில் இருந்து வரும் லான்செட் மருத்துவ இதழ் 1982-லேயே அவர் எழுதியதை வெளியிட்டது. 2022-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். நாற்பது வருடத்துக்கு மேல் அதே பக்கத்தில் இருக்கிறார். ஏன் சாகிறார்கள் என்ற கேள்வியை அவர் கையில் வைத்திருந்தார். அந்தக் கேள்வி இருக்கும் வரை வேலை சலிக்காது.

அவ்வளவு பெரிய டாக்டராக இருக்க வேண்டும் என்பதில்லை. செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978-ல் இருந்து இருக்கிறது. அவர்கள் நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகியவற்றில் இருந்து எடுக்கும் விஷம்தான் நாட்டின் பாம்புக்கடி மருந்துக்கு முக்கிய மூலப்பொருள். அந்தச் சமூகத்தின் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. உத்தமபாளையத்து வாழைத்தோப்பில் கடிபட்டவருக்கு ஏறும் ஊசி மருந்துக்குப் பின்னால் பள்ளிக்கூடம் பார்க்காத கைகளின் அறிவு இருக்கிறது. அவசர மருத்துவம் நமக்கு அந்நியமான துறை இல்லை என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

பிளஸ் டூ படிக்கும் தம்பி தங்கைகளுக்குச் சில வார்த்தை. டாக்டர் ஆனால்தான் இந்தத் துறை என்று நினைக்க வேண்டாம். விபத்து மற்றும் அவசர சிகிச்சைத் தொழில்நுட்பம் என்று பி.எஸ்சி. பட்டப்படிப்பு இருக்கிறது. அரசு மருத்துவக் கல்லூரிகளில் அவசர சிகிச்சை டெக்னீஷியன் ஒரு வருடச் சான்றிதழ்ப் படிப்பும் உண்டு. பட்டப்படிப்புக்கான அரசுக் கலந்தாய்வு பிளஸ் டூ மதிப்பெண்ணில் நடப்பது. எம்.பி.பி.எஸ். பக்கம் போகிறவர்களுக்கு, அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள்ஒதுக்கீடு 2020-ல் இருந்து இருக்கிறது. அதை முடித்தவர்களுக்கு அவசர மருத்துவத்திலேயே எம்.டி. இருக்கிறது. இந்தியாவில் அதைத் தனித்துறையாக ஏற்றது 2009-ல்தான். அதாவது இன்னும் இளசான துறை, மேலே கூட்டம் இல்லை. 2021-ல் வந்த தேசியச் சட்டம் துணை மருத்துவத் தொழில்களுக்குப் பதிவும் அங்கீகாரமும் தருவதற்கு வழி செய்திருக்கிறது. 108-ல் ஏற்கெனவே இருப்பவர்கள் சான்றிதழ், பணி அனுபவக் கடிதம், பயிற்சித் தாள் ஒன்றையும் தொலைக்காமல் ஒரு பைலில் வையுங்கள். நாளைக்கு எந்தக் கதவு திறந்தாலும் முதலில் கேட்பது காகிதத்தைத்தான். ஃப்ரீடம் ஹவுஸ் ஆட்களை வெளியே தள்ளியதும் அப்படிப்பட்ட தேர்வும் காகிதமும்தான்.

ஐந்து வருடத்துக்குப் பிறகு பின்பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும் என்றும் இல்லை. பயிற்சி கொடுப்பவராகப் போகலாம், கட்டுப்பாட்டு மையத்துக்குப் போகலாம், நர்சாக இருந்தால் அவசர சிகிச்சைப் பிரிவில் வருகிறவர்களைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று தரம் பிரிக்கும் பொறுப்புக்குப் போகலாம். நாற்பதுக்கு மேல் முதுகு ஸ்ட்ரெச்சர் தூக்கச் சம்மதிக்காது. அது வருவதற்கு முன்னால் அடுத்த படியில் கால் வைத்திருக்க வேண்டும்.

ஒரு யோசனையும் உண்டு. ஏப்ரல் 14-க்கு நம் தெருக்களில் மேடை போடுகிறோம். அம்பேத்கர் படிப்பகங்களில் தலைவர்கள் பேசுகிறார்கள். இந்த முறை அந்த மேடையில் நாற்பது தாண்டிய மருத்துவ உதவியாளர் ஒருவருக்கும், இருபது வருடம் அவசர சிகிச்சைப் பிரிவில் நின்ற நர்சம்மா ஒருவருக்கும் நாற்காலி போடலாம். எப்படி நின்றீர்கள், எப்போது விட்டுவிட நினைத்தீர்கள் என்று பிள்ளைகள் கேட்கட்டும். கூட்டத்தை மட்டும் மாலை ஆறு மணிக்கு மேல் வையுங்கள். இரவுப் பணி முடித்து வந்தவர்கள் அதுவரை தூங்கட்டும்.